களிம்பில் இருக்கும் எழுத்து

(பழங்காசு சேகரிப்பாளர்களின் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் பேசத் தொடங்கும்போதே ஒரு தட்டு உங்களிடம் வரும். அதில் மூன்று செப்புக் காசுகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே வகை, இராசராசன் காசு. ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், அதன் பக்கத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று நாகரி எழுத்து. தமிழ்நாட்டில் காசு சேர்க்கத் தொடங்குகிறவர் கைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் இதுதான். விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தைத் தொட வேண்டாம். பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்.

முதல் காசில் மண் அப்படியே ஒட்டியிருக்கிறது. இரண்டாவது கரும்பச்சை நிறம். வழவழப்பாக இருக்கும், எழுத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படித்துவிடலாம். மூன்றாவது இளஞ்சிவப்பாக, நேற்று உருக்கிய செம்பு போல இருக்கும். அதன் மேல் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அந்த மூன்றாவது காசைக் கெடுத்தவன் நான்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பழைய பாத்திரக்கடையில் எடைக்கு வந்த சாமான்களுக்கு நடுவிலிருந்து சித்தப்பா எடுத்து வந்து கொடுத்த காசு அது. வெள்ளிக்கிழமைதோறும் அப்பத்தா குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவார். கறுத்துக் கிடந்த பித்தளை அவர் கையில் பொன்னாக மாறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நான். காசையும் புளிக்கரைசலில் ஓர் இரவு போட்டு வைத்தேன். காலையில் சாம்பல் தொட்டுத் தேய்த்தேன். பச்சை போனது. பச்சையோடு 'ராஜ' என்ற எழுத்துகளும் போயின. முதல் நாள் மாலை நான் அவற்றை விரலால் தடவிப் படித்திருந்தேன். அதனால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் காலை நேரம் மறக்கவில்லை.

அப்பத்தாவின் விளக்குக்கு ஒன்றும் ஆகாத புளி, காசின் எழுத்தை ஏன் தின்றது? இதைப் புரிந்துகொண்டால் இன்றைய பேச்சில் பாதி முடிந்தது.

விளக்கின் மேல் இருப்பது ஒரு வாரத்துக் கறை. மெல்லிய படலம். அதற்கு அடியில் உலோகம் முழுசாக இருக்கிறது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் படலத்தைக் கரைக்கிறது, விளக்கு பளபளக்கிறது. ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த செப்புக் காசின் கதை வேறு. அதன் மேற்பரப்பில் இருந்த செம்பே வேறு பொருளாக மாறிவிட்டது. உலோகத்தை ஒட்டிச் செந்நிறத்தில் ஒரு படிவு, செம்பின் ஆக்சைடு. அதற்கு மேலே பச்சை; செம்பின் கார்பனேட், நகைக்கடையில் மாலகைட் என்று விற்கிறார்களே, அதே கனிமம். அதற்கும் மேலேதான் மண்ணும் சுண்ணாம்புப் பற்றும். அன்று அச்சுத் தட்டியபோது எழுத்து விழுந்த பரப்பு எங்கே இருக்கிறது? உலோகத்தில் இல்லை. அந்தப் பச்சைக்குள்ளே, சில காசுகளில் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே, இருக்கிறது. உள்ளே மிஞ்சியிருக்கும் உலோகம் அரிக்கப்பட்டுக் குண்டும் குழியுமான எச்சம்.

விழுப்புரம் பக்கம் திருவக்கரைக்குப் போனவர்கள் கல்மரங்களைப் பார்த்திருப்பீர்கள். மரம் என்ற பொருள் அங்கே போய்விட்டது, கல் வந்து அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் பட்டையின் வரியும் தண்டின் நாரும் அந்தக் கல்லில் அப்படியே நிற்கின்றன. 'இந்தக் கல்லையெல்லாம் கரைத்துவிட்டால் உள்ளே மரம் கிடைக்கும்' என்று யாராவது அமிலத்தைக் கொட்டினால் என்ன மிஞ்சும்? நான் அந்த இரவு செய்தது அதுதான்.

நம் மொழியில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: களிம்பு. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இது மிக நெருக்கமான சொல். நெல்லுக்கு உமி போல, செம்புக்குக் களிம்பு போல, உயிரோடு ஆணவ மலம் ஒட்டியிருக்கிறது என்பார்கள். இரசகுளிகை பட்டால் செம்பின் களிம்பு நீங்கிப் பொன்னாகும் என்பதும் அந்த மரபில் வருகிற உவமைதான். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன், அந்த உவமையை மதிக்கிறேன். ஆனால் அந்த உவமையிலேயே நாம் கவனிக்காத ஒன்று இருக்கிறது. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசு அல்ல, செம்போடு கூடவே இருப்பது என்று அந்த ஆசிரியர்கள் உறுதியாகச் சொன்னார்கள். பழங்காசைப் பொறுத்தவரை அது அப்படியே உண்மை. களிம்பு என்பது காசின் செம்புதான், வேறு உருவில். அதைத் துடைப்பதென்றால் காசைத் துடைப்பது.

நம் காசுகளுக்கு இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று சொல்கிறேன். கரூரில் அமராவதி ஆற்று மணலை அரிப்பவர்கள் கையில் சங்க காலச் சேரர் காசுகள் கிடைத்து வந்திருக்கின்றன. 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை', 'கொல்லிப்புறை' என்று தமிழ்ப் பிராமி எழுத்துள்ள காசுகள் அங்கே கிடைத்தவை. 1980களில் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 'பெருவழுதி' என்று எழுத்துப் பொறித்த பாண்டியர் செப்புக் காசை அறிவுலகத்தின் முன் வைத்தார். ஒருபுறம் குதிரை, மறுபுறம் மீனைக் கோடுகளாகக் காட்டும் சின்னம். சங்க காலத் தமிழ் வேந்தர் தம் பெயரைக் காசில் எழுதினார்களா என்ற கேள்விக்கு அந்தச் சிறு செப்புத் துண்டு விடை சொன்னது.

இந்தக் காசுகளில் எழுத்து எவ்வளவு பெரியது? இரண்டு, மூன்று மில்லிமீட்டர். பிராமி எழுத்தில் உயிர்க்குறி என்பது எழுத்தின் தலையிலோ அடியிலோ இழுக்கும் ஒரு சின்னக் கோடு. 'க'வைக் 'கி' ஆக்குவதும் 'கோ' ஆக்குவதும் அந்தக் கோடுதான். அது ஒரு மயிரிழை ஆழம்தான் இருக்கும். பித்தளைக் கம்பித் தூரிகையால் நான்கு தேய்ப்புத் தேய்த்தால் போதும், ஓர் அரசன் பெயர் மாறிவிடும் அல்லது இல்லாமலே போய்விடும். எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேடு புள்ளியா, களிம்பின் முடிச்சா என்று தெரியாமல் அறிஞர்கள் உருப்பெருக்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஐயத்தைத் தீர்க்கும் வாய்ப்பே அந்தப் பரப்பில்தான் இருக்கிறது. நாம் பத்து நிமிடத்தில் அதை அழித்துவிட்டு, 'நல்லா பளிச்சுன்னு வந்துருச்சு' என்கிறோம்.

ஆற்றிலிருந்து சேகரிப்பாளர் கைக்கு வருவதற்குள் ஒரு காசு எத்தனை முறை கழுவப்படுகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? எடுத்தவர் மணலில் தேய்க்கிறார். வாங்கிய கடைக்காரர் எலுமிச்சையோ அமிலமோ போடுகிறார். அடுத்த வியாபாரி கம்பித் தூரிகை. கடைசியில் வாங்கும் நாமும் நம் பங்குக்குப் பீதாம்பரி தேய்க்கிறோம். ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் எடுக்கிறார்கள். ஆனால் எடுத்ததை யாரும் திரும்ப வைக்க முடியாது. நம்மிடம் காசு கொண்டுவருகிறவரிடம் 'கழுவாமல் கொண்டுவாருங்கள், கூடுதல் விலை தருகிறேன்' என்று சொல்வதுதான் நான் கண்ட நல்ல வழி. அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மண்ணில் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. இதை அறியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெரிந்த நாம்தான் சொல்ல வேண்டும்.

இப்போது ரோமானியர் காசுகளுக்கு வருகிறேன். அகஸ்டஸ், திபேரியஸ் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் கொங்கு நாட்டில் குவியல் குவியலாகக் கிடைத்தவை. பொற்காசுகளும் உண்டு. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டு விழுந்திருந்தது. வெட்டியவர்கள் ஏன் வெட்டினார்கள் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முலாம் பூசிய செம்பா என்று சோதிக்க என்பார்கள் சிலர். இது இனி காசாகச் செல்லாது, பொன்னாகத்தான் செல்லும் என்று காட்ட என்பார்கள் வேறு சிலர். எதுவானாலும், இந்த மண்ணில் அந்தக் காசுக்கு நேர்ந்தது அந்த வெட்டு. அது அதன் வரலாறு.

இப்படி வெட்டு விழுந்த ஒரு வெள்ளிக் காசு உங்களிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்டு இரண்டாயிரம் ஆண்டுப் பழையதா, போன வாரம் மண்வெட்டி பட்டதா? இதைச் சொல்லக்கூடிய சாட்சி ஒன்றுதான். வெட்டின் பள்ளத்துக்குள் படிந்திருக்கும் கறுப்பு. முகத்தில் இருக்கும் அதே கறுப்பு, அதே மண், வெட்டின் அடியிலும் இருந்தால் வெட்டு பழையது. வெட்டுக்குள் வெள்ளி மின்னினால் புதியது. அந்தக் காசை ரசாயனத்தில் முக்கி எடுத்தால் முகமும் வெட்டும் ஒன்றுபோல வெள்ளையாகிவிடும். சாட்சி போய்விடும். அதற்குப் பின் எந்த அறிஞர் வந்தாலும் அந்தக் காசைப் பற்றி ஊகம்தான் சொல்ல முடியும்.

எடையும் இப்படித்தான். கணித அறிஞர் டி.டி. கோசாம்பி வெள்ளி முத்திரைக் காசுகளை ஆயிரக்கணக்கில் நுண்தராசில் எடைபோட்டார். கைமாறக் கைமாறக் காசு தேய்கிறது, தேய்மானத்திலிருந்து அது எவ்வளவு காலம் புழங்கியது என்று கணக்கிடலாம் என்பது அவர் வழி. அமிலத்தில் அரை மணி நேரம் கிடந்த காசை அந்தத் தராசில் வைத்து என்ன பயன்? புழக்கத்தில் தேய்ந்தது எவ்வளவு, நம் கிண்ணத்தில் கரைந்தது எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வார்கள்?

இங்கிலாந்தில் ஃப்ரோம் என்ற ஊருக்கு அருகே 2010இல் ஒரே பானையில் 52,503 ரோமானியக் காசுகள் கிடைத்தன. கண்டுபிடித்தவர் உலோகம் தேடும் கருவியோடு வயலில் நடந்தவர். பானை என்று தெரிந்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியலாளர்களை அழைத்தார். அவர்கள் பானையை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனிப் பையில் போட்டார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனதும் முதலில் கழுவி உலர்த்தி நிலைப்படுத்தும் வேலை மட்டும் நடந்தது. அடுக்குகளைப் பார்த்தபோது, பிந்திய காலத்துக் காசுகள் மேலடுக்கில் மட்டும் இல்லை, கீழேயும் இருந்தன. அதாவது சிறுகச் சிறுகச் சேர்த்த உண்டியல் அல்ல அது, ஒரே சமயத்தில் கொட்டிப் புதைத்தது என்று சொல்ல முடிந்தது. மொத்தத்தையும் ஒரு தொட்டியில் கொட்டிக் கழுவியிருந்தால் அந்தச் செய்தி கழுவிய நீரோடு போயிருக்கும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, 'அப்படியானால் காசைத் தொடவே கூடாதா?' என்று கேட்பீர்கள். தொட வேண்டிய நேரம் உண்டு. தொடாவிட்டால் காசு செத்துவிடும் நேரமும் உண்டு.

களிம்பில் நல்லதும் கெட்டதும் இருக்கிறது. நல்ல களிம்பு கெட்டியாக, வழவழப்பாக, விரலில் ஒட்டாமல் இருக்கும். அது காசுக்குக் கவசம். கெட்டது வெளிர்பச்சையில், மாவு போல, சின்னச் சின்னப் பொட்டுகளாக வெடித்துக் கிளம்பும். ஊசி முனையால் தொட்டால் பொடியாக உதிரும், அடியில் குழி இருக்கும். இதற்கு வெண்கல நோய் என்று பெயர். கிருமியால் வருவதல்ல. மண்ணில் இருந்த உப்பு செம்போடு சேர்ந்து உள்ளே குளோரைடாக உட்கார்ந்திருக்கிறது. காற்றும் ஈரமும் பட்டதும் அது வெளிர்பச்சைப் பொடியாக மாறுகிறது, மாறும்போது அமிலத்தை விடுகிறது. அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மறுபடி குளோரைடை உண்டாக்குகிறது. இப்படிச் சுழன்றுகொண்டே போகும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் உறங்கும். நம் சென்னையிலும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் அந்த வறட்சி எங்கே கிடைக்கும்? அதனால்தான் மண்ணில் ஆயிரம் ஆண்டு தாங்கிய காசு நம் பீரோவில் பத்து மழைக்காலம் தாங்குவதில்லை.

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930களில் இதே சிக்கலோடு போராடினார்கள். மண்ணிலிருந்து வந்த செப்புத் திருமேனிகள் அரிக்கப்படத் தொடங்கியபோது, எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கே மின்னாற்பகுப்பு முறையால் அவற்றுக்குச் சிகிச்சை செய்தார். நாட்டில் முன்னோடியான வேலை அது. உலகமெங்கும் அந்தக் காலத்தில் அதுதான் சிறந்த வழி என்று கருதினார்கள். களிம்பு முழுவதையும் உரித்துவிடும் முறை அது. உரித்தபின் மேற்பரப்பின் விவரங்களும் போய்விடுகின்றன என்று அனுபவத்தில் தெரிந்தபோது பாதுகாப்பு வல்லுநர்கள் மெல்ல அதிலிருந்து விலகி, கை வேலைக்குத் திரும்பினார்கள். அவர்கள் விலகிய வழியை நம் சேகரிப்பாளர்களில் சிலர் இன்று பேட்டரி சார்ஜரையும் உப்புநீரையும் வைத்துச் சமையலறையில் செய்கிறார்கள். வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் செய்வது என்ன என்று சொல்கிறேன். காசு வந்ததும் முதலில் எடை போடுகிறேன், இரு முகத்தையும் படம் எடுக்கிறேன், எங்கே கிடைத்தது என்று தெரிந்தால் எழுதுகிறேன். பிறகு லென்ஸில் பார்க்கிறேன். மண் என்று நினைப்பதில் துணியின் நெசவு பதிந்திருக்கலாம். முடிச்சில் கட்டிப் புதைத்த காசுகளில் நூல் மக்கிய பின்னும் அதன் அச்சு களிம்பில் தங்கிவிடுவது உண்டு. அப்படி ஏதாவது கண்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப் போடுகிறேன். குழாய் நீர் கூடாது, அதில் குளோரின் இருக்கிறது. தினம் நீரை மாற்ற வேண்டும். நாட்கணக்கில் ஊறும், வாரக்கணக்கிலும் ஊறும்.

ஊறிய மண்ணை எடுக்க எனக்குப் பிடித்த கருவி கருவேல முள். சிரிக்க வேண்டாம், மேலைநாட்டில் ரோஜா முள்ளையும் முள்ளம்பன்றி முள்ளையும் இதற்கே வைத்திருக்கிறார்கள். முள் மண்ணைவிடக் கெட்டி, களிம்பைவிட மென்மை. அதனால் மண் வரும், களிம்பு வராது. மூங்கில் குச்சியைச் சீவியும் வைத்துக்கொள்ளலாம். எஃகு ஊசி வேண்டுமானால் அதற்கு நுண்ணோக்கியும் பல ஆண்டுப் பழக்கமும் வேண்டும். ஒரு காசுக்கு ஒரு மாலை, சில காசுகளுக்கு ஒரு மாதம். எழுத்து படிக்க வந்ததும் நிறுத்திவிடுகிறேன். பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் மண் இருக்கும், இருக்கட்டும். அது எழுத்தை எடுத்துக்காட்டவே செய்கிறது. தட்டில் இரண்டாவதாக இருக்கும் காசு அப்படி வந்ததுதான்.

ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைக்கும் பழக்கம் உண்டு. அது பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். எண்ணெயிலும் அமிலம் இருக்கிறது, மெதுவாக வேலை செய்கிறது என்பதுதான் வேறுபாடு. நான் விட்டுவிட்டேன். வெண்கல நோய் முற்றிய காசுக்கு ஆப்பச் சோடாவும் வாஷிங் சோடாவும் கலந்த கரைசலில் ஊறவைக்கும் முறை இருக்கிறது, அது சில சமயம் களிம்பின் நிறத்தையே மாற்றிவிடும். 1960களிலிருந்து அருங்காட்சியகங்களில் பென்சோட்ரையசோல் என்ற மருந்து பயன்படுகிறது. நல்ல மருந்து, ஆனால் உடம்புக்குக் கெடுதல். கையுறையும் காற்றோட்டமும் பயிற்சியும் இல்லாத வீட்டில் அதற்கு இடமில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் நிச்சயமாக இல்லை.

ஈயக் காசு பற்றி ஒரு வார்த்தை. சாதவாகனர் ஈயக் காசுகளும், செங்கம் பக்கம் ஆண்டிப்பட்டியில் கிடைத்த தமிழ் எழுத்துள்ள ஈயக் காசுகளும் உங்களுக்குத் தெரியும். ஈயத்துக்கு எதிரி மண்ணில் இல்லை, நம் மரப்பெட்டியில் இருக்கிறது. சில மரங்களும் மட்ட அட்டைகளும் அசெட்டிக் அமில ஆவியை விடுகின்றன. அந்த ஆவி பட்டு ஈயம் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. அழகான தேக்கு அலமாரி என்று பெருமையாக அடுக்கி வைக்கிறோம். ஈயத்தை மட்டும் அதில் வைக்காதீர்கள்.

வெள்ளிக்கு வருகிறேன். 'டோனிங்' என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் நிறமேற்றம் வெள்ளியில்தான் முழு அழகோடு தெரியும். காற்றில் இருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற படலம் ஆகிறது. படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது வைக்கோல் நிறம், கொஞ்சம் தடித்தால் செந்நிறமும் ஊதாவும், பிறகு நீலம், முற்றினால் கறுப்பு. மழைத் தண்ணீரில் சிந்திய எண்ணெயில் வானவில் தெரிகிறதே, அதே ஒளி விளையாட்டு. நிறம் என்று ஒரு சாயம் அங்கே இல்லை, படலத்தின் தடிமன்தான் நிறமாகத் தெரிகிறது. அதனால் இயற்கையாக வந்த நிறம் ஒன்றிலிருந்து ஒன்றாக, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் படிப்படியாக மாறும். விக்டோரியா ராணி ரூபாய் ஒன்றைப் பழைய காகித உறையில் ஐம்பது ஆண்டு வைத்திருந்த வீட்டில் அப்படி ஒரு நிறத்தைப் பார்த்தேன். விளிம்பில் நீலம், உள்ளே வர வரத் தாமரை நிறம், நடுவில் பொன். அந்த வீட்டு அம்மா, 'கறுத்துப்போச்சு தம்பி, விபூதி போட்டுத் துலக்கித் தர்றேன்' என்றார். அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

விபூதி வெள்ளிப் பாத்திரத்துக்கு நல்லது. காசில் தேய்த்தால் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் விழும், லென்ஸில் அவை கத்தி போலத் தெரியும். கடையில் விற்கும் வெள்ளி முக்கும் திரவங்களோ அச்சடித்தபோது உலோகம் வழிந்து ஏற்பட்ட நுண்வரிகளையே கரைத்துவிடுகின்றன. அந்த வரிகள்தான் புதுக் காசின் மின்னல். அவை போனால் காசு வெளுத்து, உயிரற்றுத் தெரியும். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தால் பூந்திக்கொட்டை ஊறிய நீர் போதும், நம் ஆசாரிகள் காலங்காலமாக வெள்ளி நகைக்குப் பயன்படுத்துவது அதுதான். தேய்க்கக் கூடாது, முக்கி, அலசி, ஒற்றி எடுக்க வேண்டும். மண்ணிலிருந்து வந்த மிகப் பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும், கீழே விழுந்தால் அப்பளம் போல உடையும். அதைக் கழுவும்போது கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள்.

பொன் பெரும்பாலும் மாறாது. ஆனால் 79ஆம் ஆண்டு வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த போஸ்கோரியாலே மாளிகையில் 1895இல் கிடைத்த பொற்காசுகள் செம்மையும் ஊதாவும் கலந்த நிறத்தில் இருந்தன. இன்றும் அந்த நிறம் உள்ள காசை உலகச் சேகரிப்பாளர்கள் அந்த ஊரின் பெயரால்தான் அழைக்கிறார்கள். யாராவது அன்று 'பொன் மங்கிவிட்டது' என்று துலக்கியிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்ற அடையாளமே போயிருக்கும். ரோம் நகரின் டைபர் ஆற்றுச் சேற்றில் கிடைத்த பித்தளைக் காசுகள் இதற்கு நேர் எதிர். காற்றுப் புகாத சேற்றில் கிடந்ததால் களிம்பே இல்லாமல் பொன்மஞ்சளாக இருக்கும். காசின் நிறத்தைப் பார்த்து அது கிடந்த மண்ணைச் சொல்லிவிடும் கண்கள் சில உண்டு. நம் ஊரில் அப்படிச் சிலரை எனக்குத் தெரியும். வைகைக் காசையும் அமராவதிக் காசையும் பிரித்துச் சொல்வார்கள்.

நிறத்துக்கு விலை வந்ததும் போலியும் வந்தது. முட்டை மஞ்சள் கரு, கந்தகப் பசை, அடுப்புச் சூடு என்று வைத்து ஒரே இரவில் வெள்ளிக்கு நிறமேற்றுகிறார்கள். செப்புக் காசுக்குப் பச்சை வண்ணமும் ஷூ பாலிஷும் பூசுகிறார்கள், அமிலத்தில் கழுவிக் கெடுத்ததை மறைக்க. போலி நிறம் எழுத்தின் பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே மாதிரி அப்பிக் கிடக்கும், நிறங்கள் ஒன்றில் ஒன்று கரையாமல் துண்டு துண்டாக நிற்கும். அசிட்டோன் நனைத்த பஞ்சால் ஒற்றினால் வண்ணம் பஞ்சில் வந்துவிடும். உண்மைக் களிம்பு வராது. தேய்ந்த எழுத்தை ஊசியால் ஆழப்படுத்திக் 'கூர்மை' ஆக்குவது இன்னும் கொடிய செயல். அப்படிச் செய்தவர் தனக்குத் தெரிந்த எழுத்தைத்தான் கீறுவார். அங்கே உண்மையில் வேறு எழுத்து இருந்திருந்தால்?

காசை எதில் வைப்பது என்பது கழுவுவதைவிட முக்கியம். வழக்கமான பிளாஸ்டிக் ஆல்பங்களில் பி.வி.சி. இருக்கும்; நாள்பட அது பச்சைப் பிசினை விட்டுக் காசில் ஒட்டும். பாலியெஸ்டர் உறையாகக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் பேண்ட் பக்கத்தில் வெள்ளி இருக்கக் கூடாது, ரப்பரில் கந்தகம் இருக்கிறது. மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அதை வெயிலிலோ அடுப்புச் சூட்டிலோ உலர்த்துங்கள். நோயுள்ள காசைத் தனியாக வையுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

தட்டு பின்வரிசைக்குப் போய்விட்டது என்று நினைக்கிறேன். முதல் காசை, மண்ணோடு இருப்பதை, ஏன் கழுவவில்லை என்று ஒரு தம்பி சற்று முன் கேட்டான். லென்ஸ் இருந்தால் அதன் பின்புறத்தைப் பார். இடது ஓரத்தில் மண்ணுக்குள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் நுண்கோடுகள் தெரியும். துணியின் நெசவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் ஒருவர் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அவர் பார்க்கும்வரை அது அப்படியே இருக்கும்.

என் வீட்டு ஜன்னலில் இன்னொரு காசு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. பாண்டியர் காசு, வெண்கல நோய் பிடித்தது. நேற்றோடு 40 நாள். காலையில் புறப்படுமுன் அந்த நீரில் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து, நைட்ரிக் அமிலத்தில் இரண்டு சொட்டும் சில்வர் நைட்ரேட்டில் ஒரு சொட்டும் விட்டுப் பார்த்தேன். உப்பு இருந்தால் பால் போலத் திரளும். முதல் வாரம் தயிர் போல இருந்தது. இன்று லேசான புகை மாதிரிதான் படர்ந்தது. நீரை மாற்றிவிட்டு வந்திருக்கிறேன்.